அறிவியல் திருவிழாவில் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களா, வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறார்களா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நேயர்கள் அனுப்பிய கேள்விகளில் இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி கொஞ்சம் நீளம், அப்படியே படித்துவிடுகிறேன்.

"ஐயா, எங்கள் ஊரில் மறுபடி அறிவியல் திருவிழா வருகிறது. போன தடவை குடும்பத்தோடு போனோம். ஆறு வயது மகன், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார், நான். வீட்டுக்கு வந்ததும் 'என்னடா பார்த்தே?' என்று கேட்டால் பையன் 'டமால்னு வெடிச்சுது' என்கிறான். மகள் வெள்ளைப் புகை வந்த வீடியோவைக் காட்டுகிறாள். மாமியார் 'நல்லாத்தான் இருந்துச்சு, ஒண்ணும் புரியலை' என்கிறார். இது அறிவியலா, வித்தை காட்டுவதா? இந்தத் தடவை போகலாமா? நான் வணிகவியல் படித்தவள். பிள்ளைகள் கேட்டால் எனக்கும் விளக்கத் தெரியாது."

போங்கள். தாராளமாகப் போங்கள். விளக்கத் தெரியாது என்று கவலையே படாதீர்கள், உங்கள் வேலை விளக்குவது இல்லை. ஆனால் "வித்தை காட்டுவதா?" என்று கேட்டீர்களே, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. மேடைக்கு இந்தப் பக்கம் நின்று செய்து காட்டுகிறவர்களுக்கே அந்தச் சந்தேகம் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்கிற இயற்பியல் பேராசிரியரின் குழு 2004-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகளால் மாணவர்களுக்குப் புரிதல் கூடுகிறதா, அல்லது அது வெறும் பொழுதுபோக்கா என்பதுதான் கேள்வி. சிலருக்குச் சோதனையைக் காட்டவே இல்லை. சிலருக்குக் காட்டினார்கள், விளக்கினார்கள். இன்னும் சிலரிடம் காட்டுவதற்கு முன்னால் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு அப்புறம் காட்டினார்கள். பருவத்தின் கடைசியில் எல்லோருக்கும் ஒரு தேர்வு.

சோதனையைச் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும், பார்க்காதவர்களுக்கும், ஏன் அப்படி நடந்தது என்று சொல்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்னாலேயே ஊகம் சொன்னவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள். அதற்குக் கூடுதலாக ஆன நேரம் ஓரிரு நிமிடங்கள்தான். அதே குழு 2013-ல் இன்னொன்றையும் கண்டது. கண்ணெதிரே நடந்ததையே தவறாகப் பதிவுசெய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில். இத்தனைக்கும் அவர்கள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிற பிள்ளைகள். அதனால் உங்கள் மகனுக்கு "டமால்" மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றால், அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனை யாரும் முன்னாலேயே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மேடையில் ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்த உடனே பிள்ளையின் காதில் "என்ன ஆகும், சொல்லு?" என்று கேட்டுவிடுங்கள். சரியான பதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்றுகூடச் சொல்வேன், தெரிந்தால் சொல்லிக்கொடுத்துவிடுவோம். நீங்களும் ஒரு ஊகம் சொல்லுங்கள், மாமியாரையும் சொல்லச் சொல்லுங்கள். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னால் ரொம்ப நல்லது.

உங்கள் மகள் எடுத்த வீடியோவையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் புகை என்றால் அனேகமாகத் திரவ நைட்ரஜனாகத்தான் இருக்கும். பெரும்பாலான அறிவியல் திருவிழாக்களில் அது ஒரு இடத்திலாவது இருக்கும். ஒரு அகலமான பாத்திரத்தில் ஊற்றுவார்கள், பொங்கி வழியும், பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். அது கொதிப்பதே மைனஸ் 196 டிகிரி செல்சியஸில். அதற்கு நம் அறையின் வெப்பமே அடுப்பு மாதிரி. ஆனால் அந்த வெள்ளை நிறம் நைட்ரஜன் இல்லை. நாம் மூச்சில் இழுக்கிற காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதற்கு நிறம் ஏது? அறைக் காற்றில் ஏற்கெனவே இருந்த நீராவி, அந்தக் குளிரில் நுண்துளிகளாக மாறி வெள்ளையாகத் தெரிகிறது. "நைட்ரஜன் புகை" என்று மேடையில் நிற்பவரே சொல்லிவிடுகிற இடங்களும் உண்டு. உங்கள் மகள் எழுந்து "அது புகையா, ஆவியா?" என்று கேட்கட்டும்.

அடுத்து பலூன். வாயால் ஊதிக் கட்டிய பலூனை எடுத்து அந்தத் திரவத்தில் அழுத்துவார்கள். இந்த இடத்தில்தான் கேட்க வேண்டும்: வெடிக்குமா, சுருங்குமா, பெரிதாகுமா? ஆறு வயதுப் பையன் அனேகமாக "வெடிக்கும்" என்பான். வெடிக்காது. சுருங்கிச் சுருங்கி, கடைசியில் வெறும் ரப்பர்த் தோல் மட்டும் கிடக்கும். வெளியே எடுத்து வைத்தால் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு பழைய அளவுக்கே வந்துவிடும். பையனுக்கு இது போதும். காற்று எங்கேயும் ஓடிப்போகவில்லை, உள்ளேயே இருந்தது என்று அவன் சொல்லிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அது போதாது. குளிர்ந்தால் வாயு சுருங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். நீங்கள் வணிகவியல் படித்தவர், கணக்கு உங்களுக்கும் வரும். வாயுக்களுக்கு வெப்பநிலையை மைனஸ் 273-லிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அப்படி எண்ணினால் 27 டிகிரி உள்ள அறை 300. திரவ நைட்ரஜன் 77. ஆக, பலூன் ஏறத்தாழ கால் பங்காகச் சுருங்க வேண்டும். ஆனால் மேடையில் கால் பங்கிலா நின்றது? ஒன்றுமே இல்லாமல் போய்விட்டதே! மீதி எங்கே?

வெளியே எடுத்த உடனே, பலூன் விரிவதற்கு முன்னால், அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நிறமில்லாத பலூனாக இருந்தால், அடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்குத் திரவம் தளும்புவது தெரியும். ஊதின காற்றே திரவமாகிவிட்டது! வெப்பம் ஏற ஏற அது கொதித்துத் திரும்பக் காற்றாகிறது. இதைக் கண்ணால் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அதற்குள் எல்லோரும் கைதட்டிக்கொண்டு இருப்பார்கள். கையுறை போட்டு அதைத் தூக்கிப் பிடித்து, முன்வரிசைப் பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்டுகிறவர் நல்ல செய்முறையாளர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹீலியம் பலூன் இருந்தால் அதையும் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஹீலியம் திரவமாக மைனஸ் 269 டிகிரி வேண்டும், அதனால் இந்தக் குளிரில் அது வாயுவாகவே இருக்கும். இந்தத் தடவை கணக்குப்படி கால் பங்கிலேயே நிற்கும். வெளியே எடுத்தால் ரப்பரின் எடையைத் தூக்க முடியாமல் தரையில் கிடக்கும், கொஞ்ச நேரத்தில் உப்பி, தானாக எழுந்து மேலே போகும். இரண்டு பலூனையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் பெரியவர்களும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள்.

எல்லா வயதினருக்கும் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதற்கு அர்த்தம் இதுதான். சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் மழுங்கடித்துவிடுவது இல்லை. ஒரே பலூன்தான், ஆளுக்கு ஒரு கேள்வி அதில் கிடைக்க வேண்டும்.

பையன் சொன்ன "டமால்" விஷயத்துக்கு வருகிறேன். அது ஹைட்ரஜன் பலூனாக இருக்கலாம். நீளக் கம்பின் நுனியில் தீ வைத்துத் தொடுவார்கள். சுத்த ஹைட்ரஜன் மட்டும் இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீப்பந்து, மெத்தென்று ஒரு சத்தம். ஹைட்ரஜனோடு ஆக்சிஜனையும் கலந்து நிரப்பியிருந்தால் காது அடைத்துவிடும். ஏன் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். முதல் பலூனில், வெளிக்காற்றைத் தொடுகிற இடத்தில் மட்டும்தான் வாயு எரிய முடியும். இரண்டாவதில் தேவையான ஆக்சிஜன் உள்ளேயே கலந்து நிற்கிறது, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் எரிந்துவிடுகிறது. ஒரு பலூனை மட்டும் வெடித்துக் காட்டிவிட்டுப் போனால் அது வாணவேடிக்கை. இரண்டையும் காட்டினால் பேச விஷயம் கிடைக்கிறது. இன்னொன்று, சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளை என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்காருங்கள், காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்தப் பொதுமேடை விளக்கங்கள் புதிதும் இல்லை. லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்கிற அறிவியல் நிறுவனத்தில் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-ல் தொடங்கின, இன்றைக்கும் நடக்கின்றன. மின்சாரத்தில் அத்தனை கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே மட்டும் 19 ஆண்டுகள் அந்தத் தொடரை நடத்தினார். அவருடைய புகழ்பெற்ற தொடர் எதைப் பற்றித் தெரியுமா? ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி! வெடி இல்லை, புகை மண்டலம் இல்லை. அப்புறம் 1851-ல் லெயோன் ஃபூக்கோ என்கிற பிரெஞ்சு இயற்பியலாளர் பாரிஸ் பாந்தியோன் கட்டடத்தின் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். ஊசலாடும் திசை மணிக்கு 11 டிகிரி போலத் திரும்பிக்கொண்டே போகும், உண்மையில் அடியில் பூமிதான் திரும்புகிறது. பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பொறுமையாகக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டிய காட்சிக்கு அத்தனை கூட்டம்! இன்றைக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எதையாவது வெடிக்காவிட்டால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அமைப்பாளர்கள் பயப்படுகிறார்கள். அது தேவையில்லாத பயம் என்பது என் கருத்து.

வித்தையா, அறிவியலா என்று கண்டுபிடிக்க எளிய வழி சொல்கிறேன். முடிந்ததும் மேடைப் பக்கம் போங்கள். கிட்டே வந்து பார்க்க விடுகிறார்களா? "இதற்குப் பதிலாக அதைப் போட்டால் என்ன ஆகும்?" என்று பையன் கேட்டால் பதில் சொல்கிறார்களா, முடிந்தால் செய்தே காட்டுகிறார்களா? வித்தைக்காரர் பெட்டியைத் திறந்து காட்ட மாட்டார். இவர்கள் காட்டியே ஆக வேண்டும். "யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு, மூச்சுவிடக்கூட இடம் கொடுக்காமல் தானே பதிலைச் சொல்லிவிடுகிறவர்களிடம் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். மேடையைவிட ஓரத்தில் இருக்கிற சின்ன மேசைகளில் பெரும்பாலும் நல்ல விஷயம் கிடைக்கும். அங்கே கல்லூரி மாணவர்கள் நிற்பார்கள், எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்வார்கள்.

மாமியார் விஷயத்தை மறந்துவிடவில்லை. பெரியவர்களை வெடிச்சத்தக் கூடாரத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். அவரை ஏதாவது ஒரு சொற்பொழிவுக்கு அழைத்துப் போங்கள். தலைப்பை அவரே தேர்ந்தெடுக்கட்டும். தூக்கம், ஞாபகமறதி, மழை, பறவைகள் என்று எல்லோருக்கும் தொடர்புள்ள தலைப்பு ஏதாவது இருக்கும். கடைசியில் கேள்வி நேரம் வரும்போது, என்ன கேட்பது என்று தெரியாவிட்டால், இதைக் கேட்கச் சொல்லுங்கள்: "நீங்கள் சொல்வது தவறு என்று எதைப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள்?" நல்ல ஆராய்ச்சியாளருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்தப் பதில், அதுவரை பேசியதைவிடச் சுவையாக இருக்கும்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று போதும். ஆறு வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து பார்ப்பது கொஞ்சம், கையால் செய்வது நிறைய என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது சொல்லுங்கள் என்று அடுத்து கேட்பீர்கள். திரவ நைட்ரஜன் பக்கம் போகவே வேண்டாம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு. மூடிய பாத்திரத்தில் வைத்தால் வெடிக்கும், மூடிய அறையில் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். பயிற்சி உள்ளவர்கள் காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்ய வேண்டியது அது.

ஃபாரடேயின் மெழுகுவர்த்தி இருக்கிறதே, அதைச் செய்யுங்கள், நீங்கள் கூடவே இருந்து. நன்றாக எரியவிட்டு அணைத்தால் திரியிலிருந்து வெண்ணிறமாக ஒரு இழை எழும். எரியும் குச்சியைத் திரியில் வைக்காமல், ஒன்றிரண்டு அங்குலம் மேலே, அந்த இழையில் காட்டுங்கள். அதற்கு முன் பையனிடம் கேட்டுவிடுங்கள், பற்றுமா பற்றாதா என்று. தீ அந்த இழை வழியாகக் கீழே ஓடிவந்து திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திரி இல்லை, ஆவியான மெழுகு என்று அப்போது தெரியும். செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் இழை நேராக எழாது.