எச்சில் வற்றுவது யாரால்?

அவைக்கு வணக்கம். முறுக்கைக் கடித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். 15 நிமிடம் துப்பச் சொன்னாலும் 1.5 மில்லி எச்சில் தேறாது. பெரும்பாலும் பெண்கள், நாற்பதைக் கடந்தவர்கள். "வெயில் காலம், தண்ணி நிறைய குடிங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்.

இது எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் வற்றவைக்கும் ஷோகிரென் நோய். 1933-ல் ஸ்வீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென், கண் வறண்ட 19 பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது.

உதட்டின் உட்புறம் கீறி, மிளகளவுகூட இல்லாத எச்சில் சுரப்பிகள் சிலவற்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், குழாய்களைச் சுற்றி வெள்ளையணுக்கள் மொய்த்திருக்கும். நான்கு சதுர மில்லிமீட்டருக்கு 50 அணுக்களாவது ஒன்றாகக் கூடிய ஒரு கூட்டம் இருந்தால், நோய்க்கு அது வலுவான சான்று.

அவற்றை அங்கே கூப்பிட்டது யார்? இந்த நோயின் சுவையான பகுதியே இதுதான். உடலின் காவல் படை தவறாகச் சுரப்பியைத் தாக்குகிறது என்றுதான் வழக்கமாகச் சொல்கிறோம். அது பாதிக் கதை. சுரப்பியின் உள்படலச் செல்களே 'வா' என்று வேதிச் செய்தி அனுப்புகின்றன. ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளையணுக்களான பி செல்களைச் சாகாமல் காக்கும் 'பாஃப்' என்ற புரதத்தையும் சுரக்கின்றன. உள்ளாள் வேலை!

அப்புறம் அது சுழலாகிறது. பி செல்கள் 'ரோ' என்ற நம் சொந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். ரோவுடன் சின்ன ஆர்.என்.ஏ. ஒட்டியிருக்கும். ஆன்டிபாடியோடு சேர்ந்த அந்த ஆர்.என்.ஏ.வை வைரஸ் என்று நினைத்துச் சில அணுக்கள் வைரஸுக்கு எதிரான எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானைக் கொட்டும். இன்டர்ஃபெரான் பாஃபைக் கூட்டும், பாஃப் பி செல்களைக் கூட்டும், ஆன்டிபாடி பெருகும். முதலில் தூண்டியது உண்மையான வைரஸாகவே இருந்திருக்கலாம். அது போன பிறகும் சுழல் நிற்பதில்லை.

டி.என்.எஃப். என்பது வீக்கத்தைத் தூண்டும் ஒரு புரதம். மூட்டுவாதத்தில் நன்றாக வேலை செய்யும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளை இங்கேயும் கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. அவற்றில் ஒன்றான எட்டனர்செப்ட் கொடுத்த நோயாளிகளின் ரத்தத்தில் இன்டர்ஃபெரானும் பாஃபும் ஏறித்தான் இருந்தன. எனக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை: இரண்டு நோயிலும் வீக்கம் உண்டு, ஆனால் அதை ஓட்டுகிற மூலக்கூறு ஒன்றல்ல. இப்போது பாஃபின் ஏற்பியை அடைக்கும் இயானலுமாப் போன்றவை சோதனையில் நம்பிக்கை தந்திருக்கின்றன.

காதோர எச்சில் சுரப்பியில் வரும் வீக்கம் வடியாமல் நின்றால் உடனே காட்டச் சொல்வதும் இந்தச் சுழலால்தான். பி செல்கள் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் தூண்டப்படும் இடத்தில், சிலருக்கு லிம்போமா என்ற வெள்ளையணுப் புற்றுநோய் உருவாகிறது.