உஸ்தாத் மன்சூர்: பறவைக்கும் முகம் பார்த்து எழுதியவர்

நேயர்களுக்கு வணக்கம். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூரைப் பற்றி இன்று பேசுகிறேன்.

அக்பரின் ஓவியக்கூடத்தில் ஒரே படத்துக்கு இரண்டு மூன்று பேர் கை வைப்பார்கள். ஒருவர் கோடு போடுவார், இன்னொருவர் வண்ணம் தீட்டுவார், முகம் எழுதத் தனியாக ஒருவர் வருவார். மன்சூர் அங்கே வண்ணம் தீட்டுபவராகவும் அலங்கார வேலை செய்பவராகவும் வளர்ந்தவர். வீணை வாசிப்பவர் ஒருவரின் உருவப்படமும் அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் முகம் எழுதுவோர் மனிதருக்குக் காட்டிய கவனத்தை அவர் விலங்குக்கும் பறவைக்கும் காட்டினார். அவருடைய பெருமையே அதுதான் என்பேன்.

1612-இல் ஜஹாங்கீரின் அரசவை அதிகாரி முகர்ரப் கான் கோவாவிலிருந்து ஒரு வான்கோழியைக் கொண்டுவந்தார். அதன் தலையும் கழுத்தும் அடிக்கடி நிறம் மாறுவதை வியந்து எழுதிய ஜஹாங்கீர், அதை வரையச் சொன்னார். 1621-இல் வரிக்குதிரை வந்தபோது, யாரோ வண்ணம் பூசிவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். சோதித்துப் பார்த்துத்தான் நம்பினார்கள். இந்த இரண்டையும் மன்சூர் வரைந்த படங்கள் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. வரிக்குதிரைப் படத்தில் வரைந்தவர் மன்சூர் என்று பேரரசரே தம் கையால் குறித்திருக்கிறார். 'நாதிர் உல் அஸ்ர்', அதாவது 'காலத்தின் அதிசயம்' என்ற பட்டமும் அவர் தந்ததுதான்.

முகலாய ஓவியக்கூடங்களின் வேலைமுறையைக் கொஞ்சம் பார்ப்போம். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். மெல்லிய கோட்டில் உருவம் வரைந்து, கோடு மங்கலாகத் தெரியும் அளவுக்கு வெள்ளைப் பூச்சு கொடுப்பார்கள். அதன்மேல் திருத்திய கோடு விழும். பிறகுதான் பிசினில் குழைத்த வண்ணம், மெல்லிய அடுக்குகளாக. இடையிடையே படத்தைக் குப்புறப் போட்டுப் பின்பக்கம் தேய்த்தால் வண்ணம் தாளோடு இறுகும். பிசின் குறைந்தால் வண்ணம் பொடியாக உதிரும். கூடினால் வெடித்துப் பெயரும். செம்புக் களிம்பில் எடுத்த பச்சை, நாளாக நாளாகத் தாளையே அரித்துவிடும்.

கடைசியில் அணில் மயிர்த் தூரிகையின் நுனியால் நுண்வேலை. பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் உள்ள அவருடைய பச்சோந்தியைப் பாருங்கள். கிளையைப் பற்றிக்கொண்டு ஒரு பூச்சியைக் குறிவைக்கிறது. அதன் தோல் முழுக்கச் சின்னஞ்சிறு புள்ளிகள். அடிப்பூச்சு நன்றாகக் காயாமல் புள்ளி வைத்தால் அது பரவிக் கறையாகிவிடும். அவசரக்காரருக்கு இந்த வேலை வராது.

1620-இல் ஜஹாங்கீருடன் காஷ்மீர் சென்றபோது அவர் வரைந்த பூக்கள் நூறுக்கும் மேல் என்று பேரரசரின் நினைவுக்குறிப்பு சொல்கிறது. அவற்றில் மிகச் சிலவே எஞ்சின, பெரிய இழப்பு. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் அவருடைய சைபீரியக் கொக்கு இருக்கிறது. அந்தப் பறவைக்கு இயற்கையியல் அறிஞர் பல்லாஸ் அறிவியல் பெயர் சூட்டியது 1773-இல். மன்சூர் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அதை அடையாளம் பிசகாமல் எழுதிவிட்டார்.