ஒரு தெருவுல செஞ்சு பாக்க விடுங்க

எல்லாருக்கும் வணக்கம். மைக்கு கொரகொரங்குது, பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வந்து உக்காந்துக்கங்க.

புதுமைன்னாலே ஆப் ஒண்ணு ரெடி பண்ணி ரிப்பன் வெட்டறதுன்னு ஆயிப்போச்சு. நான் முன்னாடி குடியிருந்த ஊர்ல மழை வந்தா தெருக் கால்வா அடைச்சுக்கும். எதிர்வீட்டு வெல்டிங் பட்டறை அண்ணன் ஒரு பழைய இரும்புக் கட்டில அறுத்து, கம்பிய நெருக்கமா பத்தவெச்சு, கால்வா வாயில சாய்ச்சு மாட்டிட்டாரு. பாட்டிலு, கவரு, ஒத்தச் செருப்பு எல்லாம் அதுலயே நின்னுக்கும், காலைல கொம்பால இழுத்துப் போட்டா தண்ணி பாட்டுக்கு போயிகினே இருக்கும். மூணாவது வாரம் ஆபீஸ்லேர்ந்து வந்து, யாரக் கேட்டு வெச்சீங்கன்னு புடுங்கினு போயிட்டாங்க. அவங்களயும் முழுசா குத்தம் சொல்ல மாட்டேன், எதனா ஆச்சுன்னா அவங்கதானே பதில் சொல்லணும். சரி, ஒரு மாசம் வெச்சுப் பாருங்கன்னு கையெழுத்துப் போட அங்க ஒருத்தருக்கும் அதிகாரம் இல்ல, அதான் விஷயம்.

நம்ம வேலூர் பக்கத்து நாகநதி ஆத்தப் பாருங்க. நூறு நாள் வேலைன்னா வரப்பு சொரண்டறதுன்னு கிண்டல் பண்ணவங்கதான் நாம. அதே வேலைக்கு வந்த பொம்பளைங்க, ஆயிரக்கணக்குல, சிமெண்ட் உறை இறக்கி ரீசார்ஜ் கிணறு போட்டு, ஓடைல கல்லடுக்கி, மழைத்தண்ணிய பூமிக்குள்ள எறக்குனாங்க. பணமும் பழசு, 2005ல வந்த சட்டமும் பழசு, அத இப்படிப் போட்டுப் பாக்கலாம்னு விட்டாங்க பாருங்க, அதான் புதுசு.

நம்ம வேலூர் மாநகராட்சில 60 வார்டு. வார்டுக்குள்ள அந்தந்த ஏரியா ஜனங்க கூடிப் பேசற ஏரியா சபைக்கு 2022ல விதி வந்தாச்சு. அங்க போயி என்னா பேசறோம்? லைட்டு எரியல, நாய்த் தொல்ல. அதுவும் வேணும்தான் (எங்க தெரு நாய் தனிக் கதை). பிரேசில்ல போர்டோ அலெக்ரேன்னு ஒரு ஊர்ல 1989லேர்ந்து பட்ஜெட்ல ஒரு பங்க எதுக்கு செலவு பண்றதுன்னு ஜனங்களே கூட்டம் போட்டு முடிவு பண்ணாங்க. அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம நமக்கு நாமே திட்டமே இருக்குது, பொதுவா மூணுல ஒரு பங்கு நாம போட்டா மீதி அரசு போடும்.

நான் கேக்கறது சின்னது. வார்டுக்கு ஒரு தெரு, மூணு மாசம், சோதனைக்குன்னு ஒதுக்குங்க. சரிப்படலன்னா எடுத்துடுங்க, ஆனா ஏன் சரிப்படலன்னு எழுதி வெய்யுங்க, இல்லன்னா பக்கத்து வார்டும் அதே பள்ளத்துல விழும். குப்பை வண்டி தள்றவங்கள மொதல்ல கேளுங்க, எந்த முனைல வண்டி திரும்பாதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த சபைக்கு ஆளுக்கு ஒரு யோசனைய பேப்பர்ல வரைஞ்சுக்கினு வாங்க, கோணலா இருந்தாலும் பரவால்ல, தீர்மான நோட்டுல ஏறுற வரைக்கும் எழுந்துக்காதீங்க. நான் அந்தக் கட்டில் கம்பி படத்த கொண்டாரேன்.