ஒரு எச்.பி. மோட்டாருக்குப் பதில் ஒன்றரை போடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் நாலு நாளாக மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவர் வீட்டு போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) 14 வருஷமாக ஒரு எச்.பி. சப்மெர்சிபிள், அதாவது தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடுகிற மோட்டார், ஓடுகிறது. மாடியில் 1000 லிட்டர் டேங்க். முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் நிரம்பி வழியுமாம், இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறதாம். மோட்டாருக்கு வயசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். கடைக்காரர் ஒன்றரை எச்.பி. போடச் சொல்கிறார். மருமகன் பழையபடி ஒரு எச்.பி.யே போதும் என்கிறார். "யார் சொல்வது சரி தம்பி?" என்று கேட்கிறார்.

அம்மா, இரண்டு பேரும் மோட்டாரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். போரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நூல் விட்டுப் பார்த்தீர்களா?

நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் இப்போது சிரிப்பார்கள், நட்டு கதையை மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று. ஆரம்பிக்கத்தான் போகிறேன். ஒரு சின்ன இரும்பு நட்டு, நல்ல நைலான் நூல், அவ்வளவுதான் தேவை. காலையில் மோட்டார் போடும் முன்னால், கேசிங் (போரின் வெளிக்குழாய்) மூடியைக் கழற்றி, பைப்புக்கும் கேசிங்குக்கும் நடுவில் இருக்கும் சந்தில் மெதுவாக இறக்குங்கள். தண்ணீரைத் தொட்டால் 'பொளக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் பிடிபடாவிட்டால் இன்னும் பத்தடி விட்டு மேலே எடுத்து, நனையாத நூலை மட்டும் அளந்துகொள்ளுங்கள். மோட்டார் ஓடி நிறுத்தின உடனே இன்னொரு தடவை அளந்து இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

எதற்கு இத்தனை பாடு? மோட்டார் 250 அடியில் தொங்குகிறது, அதனால் 250 அடி தூக்குகிற பம்ப் வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். தப்பு. மோட்டாருக்கு மேலே நிற்கிற தண்ணீரை மோட்டார் தூக்க வேண்டியதே இல்லை, அது தானாகவே பைப்புக்குள் அந்த மட்டத்துக்கு ஏறி நிற்கும். ஓடும்போது போரில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கிருந்து மாடி டேங்கின் வாய் வரைக்கும்தான் அது தூக்குகிற உயரம். 14 வருஷத்துக்கு முன்னால் 90 அடியில் இருந்த தண்ணீர் இப்போது 190 அடிக்குப் போயிருக்கிறது என்று வையுங்கள். மாடிக்கு ஒரு 30 அடி. அன்றைக்கு 120 அடி தூக்கின அதே மோட்டார் இன்றைக்கு 220 அடி தூக்குகிறது. உயரம் கூடக் கூட பம்ப் தருகிற தண்ணீர் குறையும், புது மோட்டாரானாலும் அப்படித்தான். அப்புறம் அதைப் போய் கிழடு என்று திட்டினால் என்ன அர்த்தம்?

இன்னொரு சோதனை, வாளி வைத்துப் பார்ப்பது. 15 லிட்டர் வாளியை டேங்க் வாயில் பிடியுங்கள். அரை நிமிஷத்தில் நிரம்பினால் நிமிஷத்துக்கு 30 லிட்டர், டேங்க் அரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டி நிரம்பும். உங்கள் இப்போதைய கணக்குப்படி நிமிஷத்துக்கு 11 லிட்டர்தான் வருகிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், போட்டதுமே நூல் மாதிரி வருகிறதா, இல்லை முதல் பத்து நிமிஷம் பாய்ந்து வந்துவிட்டு அப்புறம் காற்றும் தண்ணீருமாகத் துப்புகிறதா? துப்பினால் போரில் ஊற்று போதவில்லை. அந்த போரில் ஒன்றரை எச்.பி. போடுவது, காலித் தட்டைப் பெரிய கரண்டியால் வழிப்பது மாதிரி.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, எங்கள் அம்மா வீட்டில் நானே செய்த தப்பு இது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது. மறு வருஷக் கோடையில் பல்லடம் பக்கம் தண்ணீருக்கு எப்படித் திண்டாடினோம் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். தண்ணீர் குறைகிறதே என்று, நூலும் விடாமல் ஒன்றும் விடாமல், ஒன்றரை எச்.பி. வாங்கி இறக்கினேன். எட்டு நிமிஷம் அருவி மாதிரி கொட்டியது. தெருவே வந்து பார்த்தது. ஒன்பதாவது நிமிஷம் இருமல். அன்றிலிருந்து அம்மா சுவிட்ச் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், இருமினதும் அணைக்க. ஒரு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். சப்மெர்சிபிளுக்குச் சுற்றி நிற்கிற தண்ணீர்தான் குளிர்ச்சி. அது இல்லாமல் ஓடி, சாயங்காலம் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகிக் கிடந்தது. அடுத்து முக்கால் எச்.பி. போட்டேன். மெதுவாக இழுத்தது, ஊற்று ஈடு கொடுத்தது, டேங்க் நிறைந்தது. கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பரவாயில்லை.

சரி, போட்டதிலிருந்தே கொஞ்சமாக வருகிறது, நூல் அளவும் பெரிதாக மாறவில்லை என்றால்? அப்போதும் உடனே புது மோட்டார் வாங்காதீர்கள். மோட்டார் ஓடும்போது கேசிங் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே மழை பெய்கிற மாதிரி சத்தம் வந்தால் பைப்பில் ஓட்டை. ஒரு வீட்டில் புது மோட்டார் அட்டைப்பெட்டியோடு வாசலில் காத்திருக்கிறது. பழையதைத் தூக்கினால், மூன்றாவது ஜாயின்ட்டுக்குக் கீழே இரும்புப் பைப் துருப்பிடித்து விரல் நுழைகிற ஓட்டை. பைப்பை மாற்றினோம், பழைய மோட்டாரே நன்றாக ஓடியது. பெட்டியை மூன்று பேர் கட்டித் தூக்கிக்கொண்டு கடைக்குத் திருப்பப் போனார்கள்.

பைப்பும் சரி என்றால், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம், இம்பெல்லர், தேய்ந்திருக்கும். அப்போது தாராளமாக மாற்றலாம், 14 வருஷம் உழைத்ததே பெரிசு. டேங்கில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் நிரப்பின மோட்டாரில் சீல் போனால் அப்படி வரும், அதைத் தள்ளிப் போடாதீர்கள். மோட்டாரை மாற்றும்போது கேபிளையும் கயிற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்றரை சதுர எம்.எம். கேபிள் 250 அடிக்கு, எட்டு ஆம்பியர் ஓடினால் 15 வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும். இரண்டரை சதுர எம்.எம். போட்டால் 9 வோல்ட்தான் போகும். கிளம்புகிற நொடியில் ஆம்பியர் நாலைந்து மடங்கு ஏறும், சாயங்கால லோ வோல்டேஜில் வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

இதையெல்லாம் கேட்கிற அம்மா ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார். மாடியில் விழுகிற மழைத் தண்ணீர் எங்கே போகிறது? ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு இஞ்ச் மழை பெய்தால் 2300 லிட்டருக்கு மேல், உங்கள் டேங்க் இரண்டு தடவை நிறையும். 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். அப்போது போட்ட பைப் பல வீட்டில் இன்னும் சுவரில் இருக்கிறது, அடியில் குழியைத்தான் காணோம். வண்டி நிறுத்த சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள். குழியைத் தோண்டி, கல், ஜல்லி, மணல் போடுங்கள். மாடித் தண்ணீரை அப்படியே போருக்குள் விட்டுவிடாதீர்கள், குப்பையும் சேறும் இறங்கிவிடும்.

அம்மா, நூல் அளவு இரண்டையும், வாளி நிரம்புகிற நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை எச்.பி. என்று அப்புறம் சொல்கிறேன், கடைக்காரரிடம் அதுவரை பிடி கொடுக்காதீர்கள். நட்டு சின்னதாகவே இருக்கட்டும். பெரிய நட்டு கேபிளில் மாட்டிக்கொள்ளும், எங்கள் அம்மா வீட்டு போரில் ஒன்று இன்னும் நூலோடு தொங்குகிறது.