சொறி போட்ட கோடுகள்

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன், மண்டபம் பக்கம் வலை இழுக்கிறவர்களிடம் சொறியை, அதாவது ஜெல்லி மீனைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. சிறு வயதில் என் முழங்கையிலும் ஒரு தடவை பட்டது. சாட்டையால் அடித்த மாதிரி சிவப்புக் கோடுகள். அதே கோடுகளைப் பல வருடம் கழித்து ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதையில் பார்த்துத் திகைத்துப் போனேன்.

1926-இல் வந்த கதை அது. குளிக்கப் போன ஆசிரியர் ஒருவர், முதுகெல்லாம் சாட்டைத் தடத்தோடு கரையில் விழுந்து சாகிறார். சந்தேகம் கணக்கு வாத்தியார் மேல் போகிறது. இருவருக்கும் முன்பு ஒரு தகராறு உண்டு. ஆனால் கொன்றது, பாறை இடுக்கில் கிடந்த ஒரு பெரிய சொறி!

எழுதிய ஆர்தர் கோனன் டாயில் கடலை அறிந்தவர். 1859-இல் எடின்பரோவில் பிறந்தார். மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1880-இல், திமிங்கில வேட்டைக் கப்பலில் டாக்டராக ஆர்க்டிக் வரை போய் வந்தார். அவருடைய பேராசிரியர் ஜோசப் பெல், நோயாளி வாய் திறக்கும் முன்பே அவருடைய தொழிலைச் சொல்லிவிடுவாராம். ஹோம்ஸ் பிறந்தது அவரிடமிருந்துதான். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அறுந்த வலையின் நூல் முனையைப் பார்த்தே, பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டியதா, பேத்தை மீன் கடித்ததா, கத்தி பட்டதா என்று என் தாத்தா சொல்லிவிடுவார்.

1887-இல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலுக்கு டாயிலுக்குக் கிடைத்தது 25 பவுண்டு. அப்புறம் மொத்தம் 4 நாவல், 56 கதை. 1893-இல் ஹோம்ஸைச் சாகடித்துப் பார்த்தார், வாசகர்கள் விடவில்லை.

எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது கதைகள்கூட இல்லை. ஜார்ஜ் எடால்ஜி என்ற வழக்கறிஞருக்காக அவர் போராடியதுதான். எடால்ஜியின் அப்பா பம்பாய்ப் பார்சி, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் பாதிரியார். இரவில் வயலுக்குப் போய் ஒரு குதிரையை வெட்டினார் என்று 1903-இல் எடால்ஜிக்கு 7 ஆண்டு தண்டனை. 3 ஆண்டு கழித்து, காரணம் சொல்லாமலே வெளியே விட்டார்கள். பழி மட்டும் போகவில்லை. டாயில் அவரைப் பார்க்க ஒரு ஹோட்டலுக்குப் போனார். எடால்ஜி செய்தித்தாளை முகத்தோடு ஒட்டி, சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் மருத்துவம் படித்த டாயிலுக்கு அது போதும். இவ்வளவு கிட்டப் பார்வை உள்ளவர் இருட்டில் வயல் தாண்டிப் போய் வெட்டினாரா? 1907-இல் பத்திரிகையில் விரிவாக எழுதினார். அந்த ஆண்டே குதிரையை வெட்டிய குற்றத்திலிருந்து எடால்ஜிக்கு மன்னிப்பு வந்தது. இங்கிலாந்தில் குற்ற வழக்குகளுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கச் சட்டம் வந்ததும் அதே 1907-இல்தான். அதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

எடால்ஜி மறுபடியும் வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பினார். சிறையில் போன 3 ஆண்டுக்கு நஷ்டஈடாக அவருக்கு ஒரு காசும் தரவில்லை. வணக்கம்.