கேக் வெட்டாத கட்சி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஜப்பான் ஜனநாயகக் கட்சி சாதித்த கட்சியே என்ற அணியில் பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டக்கூட உயிரோடு இல்லாத கட்சிக்கு ஒரு பட்டிமன்றமா?" என்றார். நீங்களும் தட்டினீர்கள். கணக்கு சரிதான். 1954 நவம்பர் 24இல் பிறந்தது, 1955 நவம்பர் 15இல் முடிந்தது. ஒன்பது நாள் குறை. கேக்குக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு வசவைக் கேளுங்கள்.

1953 பிப்ரவரி 28, ஜப்பான் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் குழு. உலக நிலவரம் எப்படி என்று சோஷலிஸ்ட் உறுப்பினர் நிஷிமுரா கேட்கிறார். பிரதமர் யோஷிதா ஷிகேரு, அமெரிக்கத் தலைவர் இப்படிச் சொன்னார், பிரிட்டிஷ் தலைவர் அப்படிச் சொன்னார் என்கிறார். மொழிபெயர்ப்பு வேண்டாம், ஜப்பான் பிரதமராகப் பதில் சொல்லுங்கள் என்கிறார் இவர். மரியாதையாகப் பேசும் என்கிறார் அவர். இதில் என்ன மரியாதைக் குறைவு என்கிறார் இவர். யோஷிதா நாற்காலியில் உட்கார்ந்தபடி "பகயாரோ" என்று முணுமுணுத்தார். முட்டாள் பயலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் முணுமுணுப்பு, நடுவர் அவர்களே! நானும் வீட்டில் தினமும் முணுமுணுக்கிறேன். ஆட்சி கவிழ்வதில்லை, எங்கள் வீட்டில் மைக் இல்லை. அங்கே இருந்தது! மன்னிப்புக் கேட்டும் விடவில்லை. மார்ச் 14இல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, அவை கலைந்தது.

யோஷிதாவை எதிர்த்து வாக்களித்தவர்களில் அவருடைய சொந்தக் கட்சியிலிருந்து பிரிந்த ஹதோயாமா இச்சிரோவின் ஆட்களும் உண்டு. ஏன்? 1946 தேர்தலில் முதலிடம் பிடித்தது ஹதோயாமாவின் கட்சி. பதவியேற்கும் நேரத்தில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவருக்குத் தடை போட்டது. இடத்தை யோஷிதாவிடம் ஒப்படைத்தார். 1951இல் தடை நீங்கித் திரும்பினால், பஸ்ஸில் போட்டுவைத்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு யோஷிதா சொகுசாக உட்கார்ந்திருக்கிறார்!

அவை கலைந்து தேர்தல் நடந்த பிறகும் எழுந்திருக்காத அந்த யோஷிதாவை எழுப்பியது, ஹதோயாமா தலைமையில் பிறந்த இந்த ஜனநாயகக் கட்சி. தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அவர் ராஜினாமா. டிசம்பர் 10இல் ஹதோயாமா பிரதமர். 1955 பிப்ரவரி தேர்தலில் 185 இடம், யோஷிதா இருந்த லிபரல் கட்சிக்கு 112. நவம்பரில் அந்த லிபரல்களோடே இணைந்து உருவான லிபரல் ஜனநாயகக் கட்சி 1993 வரை ஆட்சியை விடவில்லை. இவர்கள் கேக் வெட்டவில்லைதான் நண்பரே, பேக்கரியையே வாங்கிவிட்டார்கள்!

கடைசியாக ஒன்று. தடை நீங்குவதற்குச் சற்று முன்புதான் ஹதோயாமாவைப் பக்கவாதம் தாக்கியது. அந்த உடம்போடு 1956 அக்டோபரில் மாஸ்கோவுக்குப் போனார். போர் முடிந்து பதினோரு ஆண்டாகியும் சோவியத் முகாம்களில் ஜப்பானியர்கள் அடைபட்டிருந்தார்கள். அவர்கள் வீடு திரும்ப வழிவிட்ட சோவியத்-ஜப்பான் கூட்டறிக்கையில் அக்டோபர் 19இல் கையெழுத்திட்டார். அப்போது அந்தக் கட்சியே இல்லையே என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. பார்த்து, மைக் பக்கத்தில் இருக்கிறது!

டிசம்பர் இறுதியில் ஜப்பானின் மாய்சூரு துறைமுகத்துக்கு அவர்களை ஏற்றிய கப்பல் வந்தது. இருபது வயதில் அனுப்பிய பிள்ளை முப்பதைத் தாண்டி இறங்குகிறான், நடுவர் அவர்களே. அந்தத் தாயை நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.