96.8இல் ஒளிந்திருக்கும் ஹைட்ரஜன்

ஒலி 96.8 நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வானொலி இப்போது பிடித்துக்கொண்டிருக்கும் இதே 96.8 மெகாஹெர்ட்ஸில், என் பேச்சுக்கு அடியில், வேறோர் அலையும் வந்து விழுகிறது. பெருவெடிப்பு நடந்து ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தபோது ஹைட்ரஜன் வாயு பதித்த தடம் அது. புறப்பட்டபோது அதன் அதிர்வெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 21 சென்டிமீட்டர். அது வந்துசேர்வதற்குள் பிரபஞ்சம் 14.67 மடங்கு விரிந்துவிட்டது. அலையும் அதே அளவு நீண்டு 3 மீட்டரைத் தாண்டிவிட்டது. 1420.4ஐ 14.67ஆல் வகுத்துப் பாருங்கள், 96.8 வரும்.

சிங்கப்பூரில் அந்த அலையைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. வானொலி நிலையங்களை எல்லாம் அணைத்தாலும் பால்வீதியின் சொந்த இரைச்சல் அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு. 2018இல் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைநிலத்தில் ஆண்டெனா வைத்திருந்த ஒரு குழு, 78 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அலையின் வலிமையில் ஒரு பள்ளம் தெரிகிறது, முதல் நட்சத்திரங்கள் உருவான காலத்தின் அடையாளம் அது என்று அறிவித்தது. பெங்களூரின் இராமன் ஆய்வுக் கழகத்தார் அதைச் சரிபார்க்கத் தங்கள் 'சரஸ் 3' ஆண்டெனாவைக் கர்நாடகத்து நீர்நிலைகளில் மிதக்கவிட்டார்கள். ஏன் தண்ணீரில்? தரைக்கடியில் பாறையும் மண்ணும் அடுக்கடுக்காக இருந்தால், அலை அங்கே எதிரொலித்துத் திரும்பி, இல்லாத பள்ளத்தை இருப்பதாகக் காட்டிவிடும். தண்ணீரின் அடி ஒரே சீரானது. 2022இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் அந்தப் பள்ளம் இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. வானத்தைப் பற்றி வாய்திறக்கும் முன் தன் கருவியின் காலடியைச் சந்தேகித்திருக்கிறார்கள்.

இந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? பெருவெடிப்புக்குப் பின் முதல் நொடியில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டிருந்தன. வெப்பம் தணிந்து அந்த மாற்றம் நின்றபோது ஆறு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்ற கணக்கில் மிஞ்சியது. தனித்த நியூட்ரான் நிலைக்காது, சுமார் 10 நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். இரண்டும் சேர்ந்து டியூட்டீரியம் ஆகலாம்தான். ஆனால் வெப்பம் 100 கோடி பாகைக்குக் கீழே வரும்வரை, உருவான டியூட்டீரியத்தைச் சுற்றியிருந்த ஒளியே உடைத்துப் போட்டது. அந்தச் சில நிமிடத் தாமதத்தில் விகிதம் ஏழுக்கு ஒன்றாகிவிட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பதினாறு துகள்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 14 புரோட்டான், 2 நியூட்ரான். இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஹீலியம் அணுக்கரு ஆகும். மிச்சம் 12 புரோட்டான், அதாவது 12 ஹைட்ரஜன் அணுக்கரு. எடையில் பார்த்தால் 16இல் 4 பங்கு ஹீலியம், 25 விழுக்காடு. மிகப் பழைய, கலப்படமில்லாத வாயுவை எங்கே அளந்தாலும் ஏறக்குறைய இதே 25தான் வருகிறது. பெருவெடிப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சமையல் ஹீலியத்தோடு ஏறக்குறைய நின்றுபோனது, ஏனென்றால் ஐந்து துகள்களோ எட்டுத் துகள்களோ கொண்ட நிலையான அணுக்கரு இல்லை. கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நட்சத்திரங்கள் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எலக்ட்ரான் வந்து ஒட்டிக்கொண்டு முழு அணு ஆனது 3,80,000 ஆண்டுகள் கழித்து, வெப்பம் 3,000 பாகைக்கு இறங்கிய பிறகுதான். ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானும் எலக்ட்ரானும் ஒரே பக்கம் சுழலலாம், எதிரெதிராகவும் சுழலலாம். முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது 21 சென்டிமீட்டர் அலை வெளிவரும். ஓர் அணு தானாக அப்படி மாற சராசரியாக 1.1 கோடி ஆண்டுகள் ஆகும். ஆனாலும் பால்வீதியில் ஹைட்ரஜனுக்குப் பஞ்சமா? அலை ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. இந்த அருகிலுள்ள ஹைட்ரஜனின் அலை அதிகம் நீளாததால், 1420 மெகாஹெர்ட்ஸிலேயே கிடைக்கும்.

இதை நம்மூரில் பிடிக்கலாம். நட்சத்திரம் பார்க்க சிங்கப்பூர் வானம் மோசம், விளக்கு வெளிச்சமும் மேகமும். 21 சென்டிமீட்டர் அலைக்கு இரண்டும் பொருட்டல்ல, பகலிலும் வேலை செய்யும். 1951 மார்ச் 25ஆம் தேதி ஹார்வர்டில் இயற்பியலாளர்கள் யூவன், பர்செல் இருவரும் இதை முதன்முதலில் பிடித்தது, பிளைவுட்டில் செப்புத் தகடு ஒட்டிச் சன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு கொம்பு ஆண்டெனாவால்தான்.

உங்களுக்கு வேண்டியது தின்னர் விற்கும் செவ்வகத் தகர டின் ஒன்று. அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர், தடிப்பு 10.5. ஒரு முனையை வெட்டித் திறந்துவிடுங்கள். மூடிய முனையிலிருந்து 6.9 சென்டிமீட்டர் தள்ளி, அகலமான பக்கத்தின் நடுவில் துளையிட்டு இணைப்பியைப் பொருத்துங்கள். அதன் உள்முனையில் 5.2 சென்டிமீட்டர் செப்புக் கம்பி நிற்க வேண்டும். டின் அகலம் மாறினால் அந்த 6.9உம் மாறும், ஏனென்றால் டின்னுக்குள் அலைநீளம் 21 அல்ல, 27.5 ஆகிவிடுகிறது. இணைப்பி உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள். பலருக்குக் கருவி ஊமையாகிவிடுவது இந்தப் பெயின்ட்டால்தான், உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

திறந்த முனையிலிருந்து விரியும் கொம்பை, அலுமினியத் தாள் ஒட்டிய நான்கு நுரைப் பலகைகளால் செய்யலாம். வாய் 75க்கு 60 சென்டிமீட்டர் இருந்தால் வானத்தில் சுமார் 20 பாகை அகலத்தைப் பார்க்கும். நம்மூர் ஈரக்காற்றில் பலகை வளைந்துபோகும், வெளிப்பக்கம் பிளாஸ்டிக் சுற்றிவிடுங்கள்.

1420க்கென்றே வடிகட்டியோடு வரும் பெருக்கியை இணைப்பியிலேயே நேராக மாட்டுங்கள். நடுவில் நீளக் கம்பி போட்டால் அந்தக் கம்பியின் இழப்பு முழுவதும் இரைச்சலாக ஏறிவிடும். வடிகட்டி இல்லாவிட்டால் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் கருவியைத் திணறடிக்கும். பெருக்கிக்கு வேண்டிய 5 வோல்ட், அதை மடிக்கணினிப் பக்கம் இணைக்கும் கம்பி வழியாகவே போகும். அதை மென்பொருளில் இயக்கிவிட்டோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியில் செருகும் எஸ்டிஆர், அதாவது மென்பொருளால் இயங்கும் வானொலிக் குச்சி, வெப்பத்தில் நகராத படிகம் உள்ளதாக இருக்கட்டும். மலிவான குச்சி பத்து லட்சத்தில் 50 பங்கு தவறினாலே 71 கிலோஹெர்ட்ஸ் பிழை. பின்னால் வாயுவின் வேகத்தைக் கணக்கிடும்போது அது நொடிக்கு 15 கிலோமீட்டர் பிழையாகும். இணைப்பிகளும் கம்பிகளும் சிம் லிம் டவரில் கிடைக்கும்.

புளோக்குகளுக்கு நடுவே புல்தரையில் வைக்காதீர்கள், சுவர்களே வெப்ப இரைச்சல் விடும். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் வசதி. நகர மன்றத்திடம் கேட்டுக்கொண்டு போங்கள், மின்னல் எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம்.

கொம்பை நேர் மேலே பார்க்க வைத்துவிட்டு விடுங்கள், பூமி திருப்பிக்கொள்ளும். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் பால்வீதியின் உட்பகுதி, கழுகு விண்மீன் கூட்டத்துப் பக்கம், உச்சந்தலைக்கு மேலேயே கடக்கிறது. ஆகஸ்ட் நடுவில் இரவு பத்தரை மணியளவில் கடக்கும், பிறகு ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தும். ஐந்து நிமிடப் பதிவைச் சராசரி எடுத்து, அதை ஐந்தாறு மணி நேரம் முன்பு எடுத்த பதிவால் வகுத்தால் கருவியின் சொந்த மேடு பள்ளம் போய்விடும். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் அலைவரிசையை 200 கிலோஹெர்ட்ஸ் நகர்த்திப் பாருங்கள். கூடவே நகர்வது கருவியின் கோளாறு, 1420.4ஐ ஒட்டி அசையாமல் நிற்பது ஹைட்ரஜன்.

பதிவில் ஹைட்ரஜன் காட்டும் மேடு 1419.9 மெகாஹெர்ட்ஸ் வரை இழுபட்டிருக்கும். நம்மைவிட்டு விலகிப் போகும் வாயுவின் அலை நீண்டு, அதிர்வெண் குறைவதால் அப்படி. நொடிக்கு 1 கிலோமீட்டருக்கு 4.74 கிலோஹெர்ட்ஸ் என்ற கணக்கில், விலகிப் போகும் வாயுவின் வேகம் சுமார் 100 கிலோமீட்டர். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் 30 கிலோமீட்டர்வரை இதில் கலந்திருக்கும், தேதிக்கேற்பத் திருத்த வேண்டும். அதோடு அந்தத் திசையில் சூரியனின் சொந்த ஓட்டமான 123ஐக் கூட்டினால் 220க்கு மேல் வருகிறது. பால்வீதி மையத்திலிருந்து 15,000 ஒளியாண்டில் இருக்கும் வாயு சுற்றும் வேகம் இதுவே. 27,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் சூரியனும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் சுற்றுகிறது. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரமும் வாயுவும் மட்டும் இருந்தால், வெளியே போகப் போக வேகம் குறைந்திருக்க வேண்டும். கொம்பை வடக்கே 20 பாகையும் தெற்கே 15 பாகையும் சாய்த்து இதே அளவை எடுத்துப் பாருங்கள். மேட்டின் அகலம் மாறும், கணக்குப் போட்டால் வேகம் பெரிதாக மாறாது. பருப்பொருளில் ஆறில் ஐந்து பங்கு கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் என்று வானியலாளர்கள் சொல்வதற்கான ஆதாரங்களில் ஒன்று, அந்த மாறாத வேகம்.